அடிக்கப்படாத எண்

மணி அடித்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்துவிட்டேன், கையும் நீண்டுவிட்டது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, நான் பென்ஷன் வாங்குகிற ஆள், இந்த அறை இப்போது ஒரு மியூசியம் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மேசையருகே நின்ற ஒரு சின்னப் பெண் எனக்கு முன்னால் ரிசீவரை எடுத்து ஹலோ யாரு என்றாள். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் தம்பி ஏதோ சொன்னான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

அவன் பேசியது, நீங்கள் கேட் கீப்பராக இருந்த ரயில்வே கேட்டின் போன். மரப்பெட்டிக்குள் வைத்து, பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும், அதே போன். பிளாட்பாரத்தின் கோடியில் உங்கள் குடிசை மாதிரியே ஒன்று கட்டி, சுண்ணாம்படித்து, அதற்குள் மாட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் பேசலாம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு வயதாகிவிட்டது, கட்டடத்துக்கும் வயதாகிவிட்டது, அந்த மணிச் சத்தத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நம் ஸ்டேஷன் மியூசியமாகி மூன்று மாதம் ஆகிறது. இரட்டைப் பாதை போட்டபோது லைனை வடக்கே தள்ளிப் புது ஸ்டேஷன் கட்டினார்கள் அல்லவா, அன்றிலிருந்து இந்தக் கட்டடம் புறாக்களுக்கும் சீட்டாடுகிறவர்களுக்கும் உரியதாக இருந்தது. இப்போது ஓடு மாற்றி, பிளாட்பாரத்துக்கு முன்னால் முப்பது அடித் தண்டவாளத்தைக் காட்சிக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். நம் காலத்தில் துருப்பிடித்துக் கிடந்ததையெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பெயரெழுதி வைத்தாயிற்று. நான் ஸ்டேஷன் மாஸ்டராக உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலி வாங்கிய நாற்காலிக்குக் குறுக்கே கயிறு கட்டி, உட்காராதீர்கள் என்று எழுதியிருக்கிறது. நல்ல யோசனைதான். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

பழைய ஊழியர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று மியூசியப் பொறுப்பாளராக இருக்கும் தம்பி போன் செய்ததால் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் விரித்துவைத்த ஒரு ரிஜிஸ்டர். என் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் அட்டை வைத்திருந்தார்கள். "கேட் கீப்பர் தந்த பொய்த் தகவலால் நேர்ந்த விபத்தின் சான்று. நிலைய அதிகாரி குறித்துள்ள எண்ணைக் காண்க."

கண்டேன். நாற்பத்தேழு.

மற்ற ரிஜிஸ்டர்களெல்லாம் காலக்கெடு முடிந்து பழைய பேப்பராகப் போய்விட்டன. இதை விசாரணைக்கு எடுத்துப்போய் அரக்கு முத்திரை வைத்ததால் தப்பித்திருக்கிறது. பொய்க்கு ஆயுசு கெட்டி.

இந்த எண் விவகாரம் தெரியாதவர்களுக்கு அதெல்லாம் ஒரு பழைய நோட்டு, அவ்வளவுதான். அன்று அந்தச் சின்னப் பெண்ணுக்கு அதை விளக்கினேன், அவளும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள். கேட் கீப்பரிடம் நாளுக்கு ஒரு சீட்டு இருக்கும், அதில் வரிசையில்லாமல் இரண்டு இலக்க எண்கள் அச்சடித்திருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து கேட்டதும், அவர் ரோட்டை அடைத்து, கேட்டைப் பூட்டிவிட்டு வந்து, சீட்டில் அடுத்து நிற்கும் எண்ணைச் சொல்லி, அதன் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுவார். மாஸ்டர் அதைத் திருப்பிச் சொல்லி ரிஜிஸ்டரில் எழுதுவார். எண் வந்தால் கேட் மூடியாயிற்று என்று அர்த்தம். அப்புறம்தான் வண்டியை விட வேண்டும். அவர் சொல்லவே இல்லையென்றால் என்ன செய்வீங்க தாத்தா என்று அவள் கேட்டாள். உன் தம்பி கூப்பிடுகிறான் பார் என்றேன்.

நீங்கள் அந்த விதியை வேதம் மாதிரி வைத்திருந்தீர்கள். கேட்டைப் பூட்டாமல் எண் சொன்னதில்லை. நான் வாய் திறந்து கேட்காமலும் சொன்னதில்லை. ஒரு நாள் விளையாட்டுக்கு உங்களைக் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தேன். நீங்களும் பேசவில்லை. லைனில் இரண்டு பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். பிளாட்பாரத்தில் டிரைவர் விசில் அடித்து அலுத்துப்போனார். கடைசியில் நான்தான் தோற்று, சொல்லித் தொலையுமய்யா என்றேன். "கேக்காம நம்பர் சொல்லக் கூடாதுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னீர்கள். நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். உங்கள் ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒரு 'ங்க' போட்டு மரியாதை கொடுக்கிறீர்கள் என்று உங்களைக் கிண்டல் செய்வேன். உங்க ஊர்ல பெத்த அப்பனுக்கே போடறதில்லீங்களே என்பீர்கள்.

எண் சொல்லி முடித்ததும் "வேறென்னங்க மாஸ்டர்?" என்று ஒரு கேள்வி கேட்டு, கொஞ்சம் காத்திருப்பீர்கள். ஒன்றுமில்லை என்று நான் சொன்ன பிறகே ரிசீவரை மாட்டுவீர்கள். தினம் எட்டு வண்டி, எட்டு வேறென்னங்க.

விபத்து நடந்த அன்று மத்தியான பாசஞ்சர் ஏற்கெனவே லேட். அடுத்த ஸ்டேஷனில் எதிர்வண்டி காத்துக்கொண்டிருந்தது. என் ஸ்டேஷனில் ஒரு வண்டியும் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றதில்லை என்பது எனக்கு அந்த வயதில் பெரிய கௌரவம். உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இருங்க மாஸ்டர். கெழங்கு வண்டி ஒண்ணு நடுவுல நின்னுக்கிச்சு. நவுத்திப்போட்டு வந்து சொல்றனுங்க" என்றீர்கள். குச்சிக்கிழங்கு ஏற்றிய கட்டை வண்டி. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு அந்த ரோட்டில் வரிசையாகப் போகுமே, அதில் ஒன்று. அச்சாணி கழன்றிருக்கிறது. ரிசீவரை மாட்டாமல் தொங்கவிட்டுவிட்டு ஓடினீர்கள்.

நான் காத்திருந்தேன். கார்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். டிரைவர் நீளமாக ஒரு விசில் அடித்தார். எந்த வண்டியையும் நகர்த்தி கேட்டைப் பூட்ட உங்களுக்கு இரண்டு நிமிஷம் போதும் என்று எனக்குத் தெரியும். பாசஞ்சர் உங்கள் கேட்டுக்கு வந்து சேர நாலு நிமிஷம் ஆகும். எப்படியும் மூடிவிடுவார், அப்புறம் எண்ணைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து மனதில் வந்த ஒரு எண்ணை எழுதினேன். நாற்பத்தேழு. வெளியே வந்து பச்சைக்கொடி காட்டினேன். உங்கள் நாணயத்தின் மேல் இருந்த நம்பிக்கையில்தான் அந்தப் பொய்யை எழுதினேன். இதை எத்தனை தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு தரம்கூட அது எனக்கு ஆறுதலாக இருந்ததில்லை.

உள்ளே வந்து ரிசீவரைக் காதில் வைத்தேன். தொங்கிக்கொண்டிருந்த உங்கள் போன் வழியாக எல்லாம் கேட்டது. மாட்டுக் கழுத்து மணி. யாரோ ஹை ஹை என்று அதட்டுகிற சத்தம். தூரத்தில் விசில். அப்புறம் உங்கள் குரல், வண்டி வருது, மாட்ட அவுத்துடுங்க என்று. காலடிகள் ஓடின. நீங்கள் சிவப்புக் கொடியோடு ரயிலைப் பார்த்து ஓடியிருக்கிறீர்கள். அதனால்தான் டிரைவர் பிரேக் போட்டார், வண்டிக்காரர் ஒரு கால் ஒடிந்ததோடு தப்பித்தார். மாடு இரண்டும் தப்பிக்கவில்லை. இரும்பு இழுபடுகிற சத்தம் நின்ற பிறகும் ஒரு கழுத்து மணி மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை நான் ரிசீவரை வைக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் ரிஜிஸ்டரைப் பார்த்தார்கள். கேட் மூடியதாக எண் இருக்கிறது. அப்படியானால் கேட் கீப்பர் மூடாமலே எண் சொல்லியிருக்கிறார். உங்கள் சீட்டைக் கேட்டார்கள். அதைக் காட்டியிருந்தால் நாற்பத்தேழு அதில் இல்லவே இல்லை என்று தெரிந்திருக்கும். என் வேலை அந்த இடத்திலேயே போயிருக்கும். நீங்கள் மேசைமேல் விரித்திருந்த என் கையெழுத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். சீட்டு தொலைஞ்சு போச்சுங்க என்றீர்கள். சீட்டைத் தொலைப்பதே குற்றம். அதோடு முடிந்தது.

உங்களை வேலையை விட்டு நீக்கிய உத்தரவு வந்த அன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உங்களிடம் வந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கும் தைரியம்கூட வரவில்லை. நீங்களாகச் சொன்னீர்கள். "ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தர் போனாப் போதுங்க. உங்க ஊட்ல மாசமா இருக்கறாங்கல்லொ." சீட்டு எங்கே என்றேன். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றீர்கள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதுதான் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் வெட்கப்படுகிற விஷயம்.

உங்கள் வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருந்தது. அது எனக்குத் தெரியாதா என்ன.

நீங்கள் திருச்செங்கோட்டுக்குப் போய் போர்வெல் லாரியில் சமையல் ஆளாகச் சேர்ந்தீர்கள். ரிக் வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாதம், எட்டு மாதம் திரும்ப முடியாது. அந்தக் கிழங்கு வண்டிக்காரர் செவ்வாய்ச் சந்தையில் நொண்டிக்கொண்டே வந்து, கேட்டுக்காரன் கை விளங்காமப் போவ என்று உங்களை ஏசுவார். நான் பக்கத்துக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன். சொத்தை இல்லாததாகப் பார்த்துப் பொறுக்குவேன்.

அதற்குப் பிறகு உங்களை மூன்று தரம் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் நீங்கள்தான் என்னைக் கண்டுபிடித்தீர்கள். கடைசியாகத் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில். நான் சேலம் பஸ்ஸுக்கு நின்றேன். உங்களுக்கு மல்லசமுத்திரம் பஸ். என் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டீர்கள், இன்ஜினியரிங் என்றதும் மனதார சந்தோஷப்பட்டீர்கள். அப்புறம், "வேறென்னங்க மாஸ்டர்?" என்றீர்கள். ஒன்றுமில்லை என்றேன். உங்கள் பஸ் வந்தது. நீங்கள் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றீர்கள். கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் போனீர்கள். பாவம், வயதாகிவிட்டது, பஸ் வந்தது தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னைப்போல முட்டாளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

போன ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். தகவல் வந்து, ஓடிவந்து மாலை போட்டேன். உங்கள் மகள், அப்பா உங்களைப் பற்றிப் பேசுவார் என்று என்னிடம் சொன்னாள். என்ன பேசுவார் என்று கேட்கப் பயந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

மியூசியத்தில் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, வெளியே போகிற வழி என்று நினைத்து இரண்டாவது அறைக்குள் நுழைந்தேன். அங்கே இன்னொரு கண்ணாடிப் பெட்டி. உங்கள் கைவிளக்கு, சாயம் போன இரண்டு கொடிகள், ஒரு வெற்றிலை டப்பா. டப்பாவுக்குப் பக்கத்தில் நாலாக மடித்துப் பிரித்த ஒரு காகிதம். கேட் கீப்பரின் எண் சீட்டு, குடும்பத்தார் அன்பளிப்பு என்று எழுதியிருந்தது.

கண்ணாடியில் நெற்றி முட்டும்வரை குனிந்தேன். பதினெட்டு, அடித்திருந்தது. தொண்ணூற்றிரண்டு, அடித்திருந்தது. முப்பத்தைந்து, அடித்திருந்தது. அன்று காலையில் போன மூன்று வண்டிகள். என் ரிஜிஸ்டரிலும் அதே மூன்று எண்கள் அதே வரிசையில் இருக்கின்றன. நான்காவது அறுபத்து மூன்று. அது அடிக்கப்படாமல் இருந்தது.

என் பொய் ஒரு அறையில், உங்கள் மெய் அடுத்த அறையில். நடுவில் பத்தடி. தினம் நூறு பேர் இரண்டையும் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போகிறார்கள். சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னீர்களே. நாற்பது வருஷமாக என் குடுமி உங்கள் வெற்றிலை டப்பாவில் இருந்திருக்கிறது, நான் அது தெரியாமல் பிரமோஷன் வாங்கி, பிரிவுபசாரத்தில் சால்வை போர்த்திக்கொண்டு, நேர்மையைப் பற்றி வேறு பேசியிருக்கிறேன். பிறகு பயம் வந்தது. எதற்காக வைத்திருந்தீர்கள்? என்றைக்காவது காட்டவா? சீட்டின் மடிப்புகள் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. சும்மா வைத்திருந்த காகிதம் அப்படிக் கிழியாது. எத்தனையோ தரம் பிரித்து மடித்த காகிதம் அது.

ஒரு வாரம் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.  குழாய்ச் சத்தம் கேட்டால்கூட அந்த மாட்டு மணி மாதிரி கேட்டது. என் மனைவி இருந்தவரை அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை; அவள் வயிற்றுக்காகத்தான் நீங்கள் வேலையை விட்டீர்கள் என்பது தெரியாமலே அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் வாய் திறக்காவிட்டால் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த அட்டை அங்கேயே இருக்கும். கேட் கீப்பர் தந்த பொய்த் தகவல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள்.

உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு கல்லூரி விடுதியில் வார்டனாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். முதல் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இரண்டாவது பெட்டிக்குக் கூட்டிப்போய் அறுபத்து மூன்றைக் காட்டினேன். அவள் திரும்ப முதல் அறைக்குப் போய் நாற்பத்தேழைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பள்ளிக்கூடத்துல என்னைய மாட்டக் கொன்னவன் புள்ளைம்பாங்க" என்றாள். "அப்பா இருக்கையில வந்து இதச் சொல்லியிருக்கலாமுங்க அய்யா."

சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.  அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சீட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"ரிக்குல இருந்து ஊட்டுக்கு வரும்போதெல்லாம் இதப் பிரிச்சுப் பாப்பாருங்க. யாருதுங்கப்பான்னு கேட்டா, மாஸ்டருதும்பாரு. அப்பக் கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வாங்கன்னேன். கேக்காம சொல்லக் கூடாது சாமி, அவரு கேக்கோணும்னாருங்க."

 கயிறு கட்டிய அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை.

வேறென்னங்க மாஸ்டர் என்று பஸ் ஸ்டாண்டில் நின்றீர்களே. என் குடுமியைப் பிடிக்க வைத்திருந்த சீட்டு அல்ல அது. நாற்பது வருஷமாகக் கேட்டைப் பூட்டிவிட்டு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். இந்தப் பக்கம் நான் வாய் திறக்கவே இல்லை. என்னிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் உங்களுக்கு வேண்டியிருந்தது.

பொறுப்பாளர் தம்பியிடம் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு, மேலே கேட்டுத்தான் புது அட்டை வைக்க முடியும் என்றார், பழையதை அப்போதே என் முன்னால் எடுத்துவிட்டார். சீட்டையும் ரிஜிஸ்டரையும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டுமா என்று தயங்கினார். போடாமல் எப்படி என்றேன்.

கிளம்பும்போது உங்கள் மகளைக் காணவில்லை. சொல்லாமலே போய்விட்டாள் என்று நினைத்தேன். அப்போது மேசைமேல் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிளாட்பாரத்தின் கோடியில், சுண்ணாம்படித்த குடிசையின் வாசலில், அவள் காதில் ரிசீவரோடு நின்றுகொண்டிருந்தாள்.

எடுத்தேன். அவள் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் பேசும்வரை அவள் பேசப்போவதில்லை என்று புரிந்தது.

கேட் மூடியாயிற்றா என்று கேட்டேன். மூடியாச்சுங்க என்றாள்.

"நம்பர் சொல்லுங்க."

"அறுவத்தி மூணு."

திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. திருப்பிச் சொன்னேன். இரண்டாம் தரம்தான் சரியாக வந்தது. எழுத ரிஜிஸ்டர் இல்லை. மியூசியத்து நுழைவுச்சீட்டைத் திருப்பி, அதன் முதுகில் எழுதினேன்.

"வேறென்னங்க?" என்றாள். அது உங்கள் பேச்சு என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒன்றுமில்லை என்று என் வாயில் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, நீங்கள் இருந்தபோது சொல்லாததை, அந்த ரிசீவருக்குள் உங்களிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த நுழைவுச்சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொள்கிறேன். மாட்டு மணி இன்னும் கேட்கத்தான் செய்கிறது; அது நான் போகிறவரை கேட்கும். நாற்பது வருஷம் கழித்துக் கேட்டேன். கேட்டதும் சொல்லிவிட்டீர்கள்.